பூட்டுக்கு வெளியே ஒரு படம்

அத்தியாயம் 4

காணாமல் போனவர்களின் வீட்டில் சில்வி முதலில் திறப்பது ஃப்ரிட்ஜைத்தான். அலமாரியில் பொய் சொல்லலாம், இழுப்பறையில் பொய் சொல்லலாம், ஃப்ரிட்ஜில் யாரும் மெனக்கெட்டுப் பொய் சொல்வதில்லை என்பது அவள் கட்சி. சுங்கத் துறையில் பாதி ஆயுளைப் பெட்டி திறந்தே கழித்தவள். இப்போது குவோபியோ நகரத்தில் தனியார் துப்பறிவாளர்.

நான் அவள் உதவியாளன், இஸ்மோ. இதற்கு முன் ஒரு சர்வர் கூடத்தில் இரவுப் பணி பார்த்தேன். பேச ஆள் கிடையாது, சூரியன் கிடையாது. ஒருநாள் விடிந்ததும் அடையாள அட்டையைக் காபி மெஷின் மேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இங்கே பேச ஆள் உண்டு. பேசினால் வாயை மூடச் சொல்வாள்.

ஃப்ரிட்ஜ் கதவின் தட்டில், வெண்ணெய்க்கும் கடுகு டியூபுக்கும் நடுவே, ஒரு நீலத் துணிப்பை இருந்தது. சில்வி ஜிப்பைத் திறந்தாள். இன்சுலின் பேனாக்கள்.

"இதுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டேன்," என்றார் இர்யா நீமெலா. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அகலமான தோள், சலனமில்லாத முகம். காணாமல் போனது அவர் கணவர் அர்வோ. "செவ்வாய்க்கிழமை காலையில போனாரு. இன்னிக்கு வியாழன். போலீஸ்ல சொன்னேன். கடமான் வேட்டை சீசன், காட்டுல எங்கயாவது துப்பாக்கியோட உக்காந்திருப்பாருங்கறான். என் வீட்டுக்காரருக்குத் துப்பாக்கியும் கிடையாது, கடமான் மேல கோபமும் கிடையாது."

"ஃபோன்?" என்றாள் சில்வி.

"மேஜை மேல இருக்கு."

"ஃபோனையும் மருந்தையும் வெச்சுட்டுப் போற ஆளு ரெண்டு வகை," என்றேன். "ஒண்ணு..."

"இஸ்மோ."

"லீவுல போறவன்னு சொல்ல வந்தேன், பாஸ்."

சில்வி பையைக் கையில் எடைபோட்டுப் பார்த்தாள். "இது இல்லாம எத்தனை நாள் தாங்குவாரு?"

"டாக்டர்கிட்ட கேட்டேன். நாள் கணக்கு பேசாதீங்க, ஆளைக் கண்டுபிடிங்கன்னாரு. தெருமுனையில இருக்கற தபால் பெட்டி வரைக்கும் போனாக்கூட இந்தப் பையை மாட்டிக்கிட்டுப் போற மனுஷன். சௌனா நீராவிக் குளியலறைக்குள்ள கொண்டு போய் மருந்தைக் கெடுத்துடுவாருன்னு நான் வாசல்லயே பிடுங்கி வெப்பேன்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவில்லை. கை மட்டும் ஃப்ரிட்ஜ் கதவைச் சாத்தியது. பிறகு, சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு முறை அழுத்திப் பார்த்தது.

"சொந்தக்காரங்க?"

"யாருமில்லை."

"நண்பர்கள்?"

"மறுசுழற்சிப் பட்டறை. குப்பைக்கு வர்ற கம்ப்யூட்டரைத் தட்டித் துடைச்சு, லினக்ஸ் போட்டு, வேணுங்கறவங்களுக்குக் கொடுப்பாங்க. எப்படி ஓட்டறதுன்னு இவர் சொல்லித் தருவாரு. செவ்வாய்க்கிழமை தவறாம போவாரு. நேத்து ஃபோன் பண்ணிக் கேட்டேன். போன வருஷ வசந்தத்துலேர்ந்து செவ்வாய்க்கிழமை வர்றதே இல்லையாம்."

சில்வி என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது.

"வேற பொம்பளைன்னு நினைக்கறே," என்றார் இர்யா. "நானும் நினைச்சேன், தம்பி. இருந்துட்டுப் போகட்டும். ஊசி போடத் தெரிஞ்சவளா இருந்தாப் போதும்."

அர்வோவின் கம்ப்யூட்டர் படுக்கையறை ஜன்னலோரம் இருந்தது. மேலே ஜன்னல் திட்டில் பூந்தொட்டிகள். கீழே ஒரு கறுப்புப் பெட்டி, பட்டறையிலிருந்து வந்த பழைய மானிட்டர். நான் பொத்தானை அழுத்தினேன். விசிறி முனகியது. நுழைவுத் திரை வந்தது.

பொதுவாக அந்தத் திரை ஆஸ்பத்திரி வரவேற்பறை மாதிரி இருக்கும். நடுவில் பெயர், அதன் கீழ் கடவுச்சொல் கட்டம், பின்னால் யாரோ எங்கேயோ எடுத்த மலை. அர்வோ அதில் எதையும் விட்டுவைக்கவில்லை. பெயர்ப் பட்டியலைத் தூக்கிவிட்டிருந்தார். லினக்ஸ் சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் கையால் வரைந்த ஒரு மீன். கடிகாரம் மெலிந்த எழுத்தில் மேல் விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. கடவுச்சொல் கட்டம் வலது கீழ் மூலையில், பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கியவன் மாதிரி ஒதுங்கி நின்றது. மீதி முழுக்கப் படம். சிவப்பு மரச் சுவரின் ஒரு மூலை, அதன் வெள்ளை விளிம்பு, படகுத்துறை, ஒரு பிளாஸ்டிக் படகு, கம்பத்தில் கொடி, தண்ணீர், தண்ணீருக்குச் சற்று மேலே சூரியன்.

"கடவுச்சொல் தெரியுமா?" என்றேன்.

"தெரியாது. அவரோட ஃபைலையெல்லாம் சங்கேதமாக்கிப் பூட்டி வெச்சிருக்காரு. ஊருக்கெல்லாம் அதைத்தான் பாடம் எடுக்கறாரு."

"நாய் பேரு?"

"நாய் இல்லை."

"கல்யாண நாள்?"

"அது அவருக்கே தெரியாது."

சில்வி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விசைப்பலகையைத் தொடவில்லை. எதிரில் பயணப்பெட்டியோடு ஒருவன் நிற்பதுபோலத் திரையைப் பார்த்தாள்.

"உள்ள போக வேண்டாம், இஸ்மோ. முதல்ல வாசலைப் பார்ப்போம். அந்தக் கட்டத்தை ஏன் மூலைக்குத் தள்ளியிருக்காரு?"

"ரசனை."

"நடுவுல இருந்தா எதை மறைக்கும்?"

பார்த்தேன். "சூரியனை."

"ஆக, அவருக்கு அது தெரியணும். இர்யா, இது எந்த இடம்?"

"எங்க ஏரி வீடு. கல்லவேசி ஏரியில, வடக்குக் கரை. நேத்தே போய்ப் பார்த்துட்டேன். பூட்டியிருக்கு. அடுப்புச் சாம்பல் சில்லுனு கிடக்கு."

"படம் எப்ப எடுத்தது?"

"போன வருஷம்தான் இதை இங்க வெச்சாரு. ஆகஸ்ட் சாயங்காலமா இருக்கும்."

"துறை ஓரத்துல நாணலைப் பாருங்க. முழங்கால் உயரம்கூட இல்லை. ஆகஸ்ட்ல ஆள் உயரம் நிக்கும். இது ஜூன். ஜூன்ல சூரியன் இவ்வளவு கீழ வரணும்னா மணி பத்தைத் தாண்டணும். ஆனா கொடி இறங்கலை." சில்வி திரும்பினாள். "ராத்திரி ஒன்பது மணிக்குள்ள நாட்டுக் கொடியை இறக்கிடணும்கறது விதி. உங்க வீட்டுக்காரர் மறப்பாரா?"

இர்யாவின் முகம் அன்று முதல் தடவையாகச் சுளித்தது. திருடுவாரா என்று கேட்டிருந்தால் இவ்வளவு சுளித்திருக்காது.

"முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்ல எழுந்து போய் இறக்கினவரு அவரு. நான் ஜன்னல் வழியாப் பார்த்தேன். போகும்போது ரெண்டு தடவை விழுந்தாரு."

"நீளமான ஒல்லிக் கொடியா இருக்கலாமே," என்றேன். "அது ராத்திரி பகல் எப்ப வேணாலும் பறக்கலாம்."

"இது முழுக் கொடி. முழுக் கொடி ராத்திரியெல்லாம் பறக்கறது வருஷத்துக்கு ஒரு தடவைதான்."

"நடுக்கோடைத் திருநாள்," என்றார் இர்யா. பிறகு, "போன வருஷம் நடுக்கோடைக்கு நான் ஓலுவுல இருந்தேன். அக்காவுக்கு இடுப்பு ஆபரேஷன். இவர் ஏரி வீட்டுல தனியா இருந்தேன்னு சொன்னாரு."

"உங்க படகுத்துறை எந்தப் பக்கம் பார்த்திருக்கு?"

"தெற்கு. காலையிலேர்ந்து வெயில். அதுதான் அந்த வீட்டுக்கே பெருமை."

"ஜூன்ல சூரியன் எங்க விழும்?"

"வடமேற்குல. சொல்லப் போனா வடக்குலயே. கடைசி பஸ்ஸை எடுத்துக்கிட்டு அந்தப் பாலத்துல ஏறினா நேரா கண்ணுல..."

இர்யா நிறுத்தினார். இரண்டு கைகளும் தாமாக உயர்ந்து, இல்லாத ஒரு ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பின. பஸ் படகுத்துறையில் வந்து நின்றது போலிருக்கிறது.

"எங்க துறையில தண்ணியைப் பார்த்து நின்னா," என்றார், "அந்தச் சூரியன் முதுகுலதான் அடிக்கும்."

"ஆக, இது உங்க வீடு இல்லை," என்றாள் சில்வி.

"ஒரு வருஷமா தினம் பார்க்கறேன். இந்தச் செடிங்களுக்குத் தண்ணி ஊத்தும்போது."

"நம்ம நாட்டுல ஏரி வீடெல்லாம் ஒரே சிவப்பு," என்றேன் ஆறுதலாக. "வெள்ளை விளிம்பும் எல்லாத்துக்கும் உண்டு. சாவி பொருந்தலைன்னாத்தான் வேற வீடுன்னே தெரியும்."

"வாயை மூடுப்பா," என்றாள் சில்வி. "அப்போ யார் வீடு? இந்த மூலைச் சுவரை வெச்சு என்ன கண்டுபிடிக்கறது?"

இது என் இடம். "மூலை மட்டும் தெரியறதுக்குக் காரணம் இருக்கு, பாஸ். மானிட்டர் கிட்டத்தட்ட சதுரம். ஃபோன்ல எடுத்த படம் அகலம். திரை முழுக்க நிரப்புன்னு சொன்னா, உயரத்தைப் பொருத்திக்கிட்டு ரெண்டு ஓரத்தையும் கத்தரிச்சுடும். மிச்சம் அந்த ஃபைல்ல இருக்கும். ஆனா ஃபைல் பூட்டுக்கு உள்ள இருக்கு."

"இல்லை," என்றார் இர்யா.

நாங்கள் இருவரும் திரும்பினோம்.

"உள்ள இருக்காது. பட்டறைக்கு வர்ற எல்லாரும் செய்யற முதல் தப்பு அதுதானாம். பேரப்பிள்ளை படத்தைத் தன்னோட ஃபோல்டர்லயே வெச்சுட்டு, லாகின் ஸ்கிரீன்ல வெறும் சாம்பல் கலர்தான் வருது, மெஷின் கெட்டுப்போச்சுன்னு நிப்பாங்களாம். இவர் சொல்லுவாராம், லாகின் ஸ்கிரீன்ங்கறது வாசல்ல நிக்கற ஆளு, அவன்கிட்ட யாரோட வீட்டுச் சாவியும் கிடையாது, அவன் பார்க்கணும்னா படத்தை எடுத்துத் தெருவுல வைங்கன்னு. சாப்பிட உக்காந்தா இதே கதை. உருளைக்கிழங்கு ஆறிடும், கதை முடியாது."

சில்வி என்னைப் பார்த்தாள். "உண்மையா?"

"உண்மைதான். எனக்கு உடனே தோணியிருக்கணும்."

"தோணலைன்னு குறிச்சு வெச்சுக்கறேன்."

மெஷினை அணைத்து, என் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்தே எழுப்பினேன். அர்வோவின் சொந்த ஃபைல்கள் பெயர்கூடப் படிக்க முடியாத எழுத்துக் குப்பையாகக் கிடந்தன. நல்ல பூட்டு. அவர் பாடத்தை அவரே ஒழுங்காகப் படித்திருக்கிறார். அவற்றை விட்டுவிட்டு, எல்லோருக்கும் பொதுவான பின்னணிப் படங்கள் கிடக்கும் இடத்துக்குப் போனேன். மலை, மலை, பூ, மலை. கடைசியாக அது.

திறந்ததும் படம் இரண்டு பக்கமும் விரிந்தது.

வலது ஓரத்தில் விறகு அடுக்கும் பாதி பெஞ்சும். இடது ஓரத்தில் எதிர்க்கரை வளைந்து உள்ளே வந்தது. கறுப்பு மரங்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு சிவப்பு வீடு. அதன் மேல் பச்சைக் கூரை.

இர்யா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். 

"அந்தக் கரை முழுக்கக் கறுப்புக் கூரைதான்," என்றார். "பச்சை நான் அடிச்சது. எல்லாரும் சிரிச்சாங்க."

"ஆக, அதுதான் உங்க வீடு."

"அதுதான் எங்க வீடு."

"எதிர்க்கரையிலேர்ந்து எடுத்திருக்காரு. எதிர்க்கரையில யார் இருக்காங்க?"

"யாருமில்லை."

"சுவர் இருக்கு, துறை இருக்கு, படகு இருக்கு. யாரோ மறக்காம கொடி ஏத்தியிருக்காங்க."

"எங்களைப் பொறுத்தவரைக்கும் யாருமில்லை."

 காத்திருப்பது சில்விக்குக் கைவந்த கலை. பெட்டி திறக்கச் சொன்னபின் பேசவே தேவையில்லை, எதிராளி தானே சாவியைத் தேடுவான் என்பாள். சமையலறையில் ஃப்ரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது.

"இவரோட அண்ணன். தௌனோ," என்றார் இர்யா. "மாமனார் ரெண்டு வீட்டையும் ஒரே வரைபடத்துல கட்டினாரு. ஒவ்வொரு பையனுக்கும் ஒரு கரை. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நடுக்கோடைக்கு எங்க கரையிலதான் சொக்கப்பனை. வழக்கம்போல யாராவது பழைய படகு கொண்டு வந்து எரிப்பாங்க. என் அப்பாவோட படகை நான் தார் பூசறதுக்காகக் கவிழ்த்து வெச்சிருந்தேன். கவிழ்த்த படகுன்னா எரிக்கறதுக்குன்னு தௌனோவுக்கு நினைப்பு. இழுத்துக்கிட்டுப் போய் வெச்சுட்டான்."

"எரிஞ்சிடுச்சா?"

"பிரமாதமா எரிஞ்சுது. ஊரே சுத்தி நின்னு, இந்த வருஷம் நல்லா எரியுதுன்னாங்க. நானும்தான் சொன்னேன். அப்புறம்தான் நெருப்புக்குள்ள துடுப்பு வளையத்தைப் பார்த்தேன். என் அப்பா கையால அடிச்ச வளையம்." கண்ணாடியைக் கழற்றினார். "இருபது வருஷமாச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேரை இந்த வீட்டுல யாரும் சொன்னதில்லை."

"வேற பொம்பளையா இருந்திருந்தா இதைவிட சுலபம்," என்றேன்.

"ஆமா," என்றார் இர்யா. சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்குச் சொல்லவில்லை.

சமையலறைக்குப் போய் நீலப் பையை எடுத்து மேல்கோட்டுக்குள் போட்டுக்கொண்டார். "காரை நான் ஓட்டறேன். உங்க ஆளு ஓட்டினா ராத்திரியாகிடும்."

நான் ஓட்டி அவர் பார்த்ததே இல்லை. ஆனாலும் சரியாகச் சொன்னார்.

நேராகப் போனால் தண்ணீர். தெற்குக் கரைக்கு ஏரியைச் சுற்றித்தான் போக வேண்டும். மழையும் பனியுமாக ஏதோ ஒன்று, எதுவென்று முடிவு செய்யாமல், கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது. இர்யா ஒவ்வொரு வளைவையும் இரண்டு கையாலும் எடுத்தார். ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் ஆள் நிற்கிறதா என்று ஒரு பார்வை பார்த்தார். நின்றிருந்தால் ஏற்றியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

சில்வி முன் இருக்கையில் இருந்தாள். "தௌனோவுக்கும் சர்க்கரை உண்டா?"

"அவங்க குடும்பத்துக்கே உண்டு. அப்பாவுக்கு இருந்துச்சு. ஏன்?"

"அர்வோ இந்தப் பையை மறந்துட்டுப் போகலை."

கார் கொஞ்சம் வேகம் குறைந்தது.

"தபால் பெட்டிக்குப் போனாலும் தூக்கிட்டுப் போற ஆளு. பயந்த மனுஷன். அப்படிப்பட்ட ஆளு இதை விட்டுட்டுப் போறாருன்னா, அங்க பயமில்லைன்னு அர்த்தம். அந்தக் கரையிலயும் ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கு. அதுலயும் இதே பேனா இருக்கு."

"மத்த செவ்வாய்க்கிழமையெல்லாம் பையோடதானே போனாரு?"

"அப்பல்லாம் பட்டறைக்குப் போறதா உங்ககிட்ட நடிக்கணும். இந்தத் தடவை நடிக்கலை."

இர்யா அடுத்த வளைவை எடுத்தார். பிறகு, "அப்போ உயிரோட இருக்காரு," என்றார்.

"இருக்கணும்."

"உயிரோட இருந்தா ஏன் வரலை?"

 பின் இருக்கையில் என்னிடம் ஒரு பதில் இருந்தது. அதைச் சொல்லாமல் ஜன்னலைப் பார்த்தேன். நடிப்பை நிறுத்தியவன் வீட்டுக்குத் திரும்பும் எண்ணத்தையும் நிறுத்தியிருப்பான். இர்யாவும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். அதுவரை பயத்தோடு ஓட்டியவர், அதன்பிறகு கோபத்தோடு ஓட்டினார். வேகத்தில் வித்தியாசம் இல்லை.

காட்டுப் பாதை பிரியும் இடத்தில் வரிசையாகத் தபால் பெட்டிகள். கடைசிப் பெட்டியில் தௌ. நீமெலா என்று எழுதியிருந்தது. அதன் கீழே, புது பெயின்ட்டில், அ. நீமெலா.

இர்யா வண்டியை நிறுத்தி அந்தப் பெயரைப் பார்த்தார்.  கியரை மாற்றினார்.

வீடு படத்தில் இருந்ததுபோலவே இருந்தது. சிவப்புச் சுவர், வெள்ளை விளிம்பு, கறுப்புக் கூரை. படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். கவிழ்த்த படகின் மேல் பெரிய எழுத்தில் 'எரிக்காதே' என்று பெயின்ட்டில் எழுதியிருந்தது. எழுத்து பழையது, திரும்பத் திரும்ப மேலெழுதியது.

முற்றத்தில் ஒல்லியான ஒரு கிழவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் கோடரியைக் கட்டையில் ஊன்றினார். ஓடவும் இல்லை, வரவும் இல்லை.

"காபி இருக்கு," என்றார் அர்வோ.

இர்யா கோட்டுக்குள்ளிருந்து பையை எடுத்து நீட்டினார். "ஊசி போட்டியா?"

"போட்டேன். தௌனோகிட்ட பெட்டி நிறைய இருக்கு. எதுக்குச் சுமக்கணும்னு விட்டுட்டு வந்தேன்."

"நான் ரெண்டு நாளா பள்ளம் பள்ளமா தேடிக்கிட்டிருந்தேன். பாலத்துக்கு அடியில பார்த்தேன்."

அர்வோ தன் கையுறையைப் பார்த்தார். "அது எனக்குத் தோணலை."

"ஒரு வார்த்தை எழுதி வெச்சிருக்கலாமே."

"எழுதினா எங்கேன்னு எழுதணும்."

வீட்டுக் கதவு திறந்தது. நடக்க உதவும் கைப்பிடி வண்டியை ஒரு கையால் பிடித்தபடி இன்னொரு கிழவர் நின்றார். அர்வோவின் அதே முகம், பெரிய அளவில். வாயின் இடது ஓரம் இறங்கியிருந்தது. இடது கை உடம்போடு ஒட்டித் தொங்கியது.

"கதவு திறந்தா சூடு போயிடும்," என்றார் தௌனோ, குழறலாக. ஆனாலும் சாத்தவில்லை.

"போன வருஷம் பக்கவாதம் வந்துச்சு, முதல் தடவை," என்றார் அர்வோ. "செவ்வாய்க்கிழமையில வந்து பார்த்துக்கிட்டேன். இப்ப ரெண்டாவது. ஆஸ்பத்திரியில நடக்கறானேன்னு அனுப்பி வெச்சுட்டாங்க. குளிர்காலம் வருது. விறகு யார் பிளப்பா?"

"அதுக்காக வீட்டுக்கு வராம இருப்பியா?"

"நீதானே சொன்னே."

"என்ன சொன்னேன்?"

"அந்தக் கரைக்குப் போனா திரும்பி வராதேன்னு. படகு எரிஞ்ச அன்னிக்கு."

"அது இருபது வருஷத்துக்கு முன்னாடி."

"நீ வாபஸ் வாங்கலையே."

"நீ கேக்கலையே."

அர்வோ யோசித்தார். நியாயமான பதில் என்று அவருக்குத் தோன்றியது முகத்தில் தெரிந்தது. சில்வி என் முழங்கையைத் தொட்டாள், நான் எதுவும் சொல்லிவிடக் கூடாது என்று. 

"செவ்வாய்க்கிழமை வந்துட்டுச் சாயங்காலம் திரும்பினப்பல்லாம் திருட்டுத்தனமா இருந்துச்சு," என்றார் அர்வோ. "இங்கேயே இருக்கறதுன்னு முடிவு பண்ணினப்போ, சரி, இதாவது யோக்கியமா இருக்கட்டும்னு வந்தேன். அதான் தபால் பெட்டியில பேரும் போட்டேன். நீ சொன்னபடிதான் செஞ்சேன்."

"சொன்னபடி செய்யறவன் ஒரு வருஷம் எதுக்கு மறைச்சே?"

"மறைக்கலை. உனக்குத் தெரியற இடத்துலதான் வெச்சிருந்தேன். லாகின் ஸ்கிரீன்ல. பார்த்துட்டு நீயே கேப்பேன்னு நினைச்சேன். கேட்டா சொல்லிடலாம்னு. தினம் தண்ணி ஊத்திட்டுப் போனே."

"கட்டத்தை மூலைக்குத் தள்ளினது அதுக்குத்தானா?" என்றாள் சில்வி.

அர்வோ அப்போதுதான் எங்களைக் கவனித்தார். "சூரியன் தெரியணும்னு. சூரியனைப் பார்த்தா எந்தக் கரைன்னு தெரியுமே. இவ பஸ் ஓட்டினவ."

"சூரியனைப் பார்த்துக் கண்டுபிடின்னு சொல்றான்," என்றார் இர்யா என்னிடம். "என் கூரையை வெச்சிருந்தா அன்னிக்கே பிடிச்சிருப்பேன். அதைத்தான் வெட்டிட்டானே."

"நான் வெட்டலை. மானிட்டர் சதுரம்."

"அதை மாத்தலாம்," என்றேன். "திரையை நிரப்பாம, முழுப் படத்தையும் அடக்குன்னு ஒரு தேர்வு இருக்கு. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை விழும்."

"தெரியும். பட்டை அசிங்கமா இருக்கும்னுதான் விட்டேன்."

"அசிங்கமா இருக்கட்டும்," என்றார் இர்யா. "எனக்கு என் கூரை தெரியணும்."

இர்யாவும் அர்வோவும் படகுத்துறைப் பக்கம் திரும்பினார்கள். அந்த மழைப்பனியில் எதிர்க்கரையே சரியாகத் தெரியவில்லை. இருந்தாலும் பார்த்தார்கள். தௌனோவும் வாசலில் நின்று பார்த்தார், சூடு போய்க்கொண்டிருந்தது.

"அப்போ," என்றார் அர்வோ கடைசியில், "வரலாமா?"

"படத்தை மாத்தணும்னா அந்தப் பெட்டிக்கு முன்னால வந்து உக்காரணும். கடவுச்சொல் உனக்குத்தான் தெரியும்." இர்யா நீலப் பையை அவர் தோளில் மாட்டி, வாரைச் சரி செய்தார். "வந்து மாத்து."

"இவனை விட்டுட்டு வர முடியாது."

இர்யா வாசலைப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவை. தௌனோ கைப்பிடி வண்டியை ஓர் அங்குலம் பின்னால் நகர்த்தினார். நானாக இருந்தாலும் நகர்த்தியிருப்பேன்.

"நம்ம கட்டடத்துல லிஃப்ட் இருக்கு," என்றார் இர்யா. "அந்த ஆளையும் ஏத்திக்கோ. தீப்பெட்டியை மட்டும் இங்கேயே வெச்சுட்டு வரச் சொல்லு."